இறங்கிப் பார்க்க ஆள் வேண்டாமா?

சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து சித்தி பையன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். வேமோ கம்பெனியின் வெள்ளை நிற ஜாகுவார் கார். பின் சீட்டில் இவன் மகாராஜா மாதிரி சாய்ந்திருக்கிறான். டிரைவர் சீட்டில் ஈ, காக்கை இல்லை. ஸ்டியரிங் தன் பாட்டுக்கு இடது பக்கம் சுற்றுகிறது, தானே நேராகிறது, சிகப்பு விளக்கைப் பார்த்ததும் கார் சமர்த்தாக நிற்கிறது.

அம்மாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தாள்.

"ஏண்டா, டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கானா?"

அப்பா மின்வாரியத்தில் ரிட்டையரானவர். எதிலும் ஃபைல் சரியாக இருக்க வேண்டும் அவருக்கு. "அது கிடக்கட்டும், லைசென்ஸை யார் பேர்ல குடுத்திருக்கான்?" என்றார்.

அதற்குள் அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது. "எங்கியாவது இடிச்சு வச்சா யாருடா இறங்கிப் பார்ப்பா?"

அன்று ராத்திரி சித்தி பையனுக்குப் போன் போட்டு, அம்மாவின் கேள்வியை அப்படியே ஒப்பித்தேன்.

"அதெல்லாம் இடிக்காதுண்ணா. மனுஷனைவிட நல்லா ஓட்டும். குடிக்காது, தூங்காது, ஓட்டிக்கிட்டே வாட்ஸ்அப் பார்க்காது."

மறுக்க முடியவில்லை. காயம் ஏற்படுத்தும் விபத்துகள் மனிதர்கள் ஓட்டுவதைவிடத் தங்கள் வண்டிகளில் குறைவு என்று அந்தக் கம்பெனியே கணக்கு வெளியிட்டிருக்கிறது. (கம்பெனி தன்னைப் பற்றித் தானே போடும் கணக்கை எப்படிப் படிக்க வேண்டும் என்று பி.காம். படித்தவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் முழுக்கத் தள்ளிவிடவும் மனசில்லை.) மனிதர்கள் ஓட்டும் லட்சணம் நமக்குத் தெரியாதா? 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் ஒரு கம்ப்யூட்டருக்கும் பங்கு கிடையாது. எல்லாம் நம் சொந்த உழைப்பு.

மறுநாள் டீக்கடையில் பழைய ஆபீஸ் சகாக்களிடம் விஷயத்தைப் போட்டேன். நான் நாலு வருஷம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வவுச்சர்களுக்கு டிக் அடித்தவன். அந்தக் கோஷ்டி இன்னமும் சாயங்காலம் ஐந்தரைக்கு அதே பெஞ்சில்தான். ஒருவர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லோரும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"வண்டிக்கு ப்ரேக் போயிடுச்சு. இந்தப் பக்கம் திருப்பினா ஒரு பாட்டி, அந்தப் பக்கம் திருப்பினா ஒரு குழந்தை. கம்ப்யூட்டர் யாரைக் கொல்லும்?"

இந்தக் கேள்விக்கு அறுபது வயசு ஆகப் போகிறது ஸார். 1967-ல் ஃபிலிப்பா ஃபுட் என்கிற இங்கிலாந்துத் தத்துவப் பேராசிரியை ஒரு டிராம் வண்டியை வைத்துக் கேட்டது. அதையே காருக்கு மாற்றி அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்காரர்கள் இன்டர்நெட்டில் ஒரு விளையாட்டாக விட்டார்கள். 233 நாடுகள், பிரதேசங்களிலிருந்து ஜனங்கள் வந்து கிட்டத்தட்ட 4 கோடி தீர்ப்புகளை வாரி வழங்கினார்கள். 2018-ல் 'நேச்சர்' பத்திரிகையில் முடிவு வந்தது. விலங்கைவிட மனிதன், ஒருவரைவிடப் பலர், வயசானவரைவிடச் சின்னவர் பிழைக்கட்டும் என்று பொதுவாக உலகம் சொல்லியிருக்கிறது. கிழக்கு நாடுகளில் மட்டும் இளசுகளுக்குச் சலுகை கொஞ்சம் கம்மி. பாட்டிகளுக்கு அங்கே இன்னும் மரியாதை இருக்கிறது போலும்.

ஜெர்மன்காரர்கள் இந்த வம்பே வேண்டாம் என்று ஒரு கமிட்டி போட்டு 2017-ல் 20 விதிகள் எழுதினார்கள். தவிர்க்கவே முடியாத விபத்தில் வயசு, ஆணா பெண்ணா, உடல் நிலை, மன நிலை எதையும் பார்த்து ஆளைத் தரம் பிரிக்கக் கூடாது. முடிந்தது கதை.

பெஞ்சில் அரை மணி நேரம் பாட்டி கட்சிக்கும் குழந்தை கட்சிக்கும் சண்டை. வடை ஆறிப்போனதுதான் மிச்சம். பத்துப் பன்னிரண்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், எனக்கு ஒரு தரம்கூடப் பாட்டியையும் குழந்தையையும் தராசில் வைத்து யாரும் நீட்டவில்லை. நீங்களும் ஓட்டுகிறீர்கள். உங்களுக்கு யாராவது நீட்டினார்களா?

நிஜத்தில் நடந்ததைக் கேளுங்கள். 2018 மார்ச் 18, ராத்திரி பத்து மணி சுமாருக்கு அரிசோனா மாநிலம் டெம்பி நகரத்தில் ஊபர் கம்பெனியின் சோதனைக் கார் ஒன்று தானாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண்மணி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடக்கிறார். ஜீப்ரா கோடு இல்லாத இடம். கார் அவரை மோதுவதற்கு 5.6 செகண்டு முன்னாடியே பார்த்துவிட்டது. 5.6 செகண்டு என்பது சாதாரணமில்லை. நம்ம ஊர் டிரைவர் அதற்குள் ப்ரேக்கையும் மிதித்து இரண்டு வசவும் முடித்திருப்பார். ஆனால் கம்ப்யூட்டருக்கு எதிரில் இருப்பது என்னவென்று புரியவில்லை. முதலில் வண்டி என்றது. அப்புறம் 'இதர' என்றது. அப்புறம் சைக்கிள் என்றது. மறுபடி 'இதர'. ஜீப்ரா கோடு இல்லாத இடத்திலும் மனிதர்கள் ரோட்டைக் கடப்பார்கள் என்பதை அதற்கு யாரும் எழுதி வைக்கவில்லை.

இதில் எனக்கு வயிற்றைப் பிசைந்த விஷயம் வேறு. ஒவ்வொரு முறை தலைப்பு மாறும்போதும், அதுவரை அந்த உருவம் எப்படி நகர்ந்து வந்தது என்கிற பழைய கணக்கை அது விட்டுவிட்டுப் புதுசாக ஆரம்பித்திருக்கிறது. முன்பக்கத்து பாக்கியைக் கொண்டுவராமலே அடுத்த பக்கம்! எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் பத்தாம் கிளாஸ் படித்த பையன்கூட இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். என்ன தலைப்பு என்று தெரியாத தொகை வந்தால் தூக்கிச் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போடு என்றுதான் முதல் நாள் சொல்லித் தருவார்கள். தலைப்பு அப்புறம் கிடைக்கும். தொகையைத் தொலைத்துவிடக் கூடாது. எதிரே ஏதோ ஒன்று குறுக்கே வருகிறது, என்ன என்று தெரியவில்லை என்றால் சஸ்பென்ஸில் போட்டு ப்ரேக்கை அமுக்க வேண்டியதுதானே?

சும்மா சும்மா பயந்து ப்ரேக் போடக் கூடாது என்பதற்காக ஒரு செகண்டு தாமதம் வேறு வைத்திருந்தார்கள். வோல்வோ காரோடு கூடப் பிறந்த அவசர ப்ரேக்கும், இவர்கள் கம்ப்யூட்டர் ஓட்டும் நேரத்தில் அணைக்கப்பட்டிருந்தது. ஆபத்துக்குப் பார்த்துக்கொள்ள என்று சம்பளம் கொடுத்து உட்கார வைத்த ஆள் போனில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணி இறந்துபோனார்.

மோதுவதற்கு முன்னால் உள்ள செகண்டுகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். மோதின பிறகு உள்ள செகண்டு எனக்குத் தெரியும். அதைச் சொல்கிறேன்.

2014. குரோம்பேட்டை. புதுசாக டிரைவிங் கற்றுக்கொண்டு, கைமாறிக் கைமாறி வந்த மாருதி 800 ஒன்றை வாங்கியிருந்தேன். வாங்கி ஒன்பதாவது நாள். மார்க்கெட் சந்திலிருந்து மெயின் ரோட்டுக்குத் திரும்புகிறேன். வேகம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, எருமை என்னை ஓவர்டேக் செய்யலாம். இடது பக்கமாக ஒரு பெரியவர் சைக்கிளில் வந்தார். 'டங்' என்று ஒரு சத்தம். ஆளைக் காணோம்.

ப்ரேக் போட்டு நின்றுவிட்டேன். கார் ரோட்டுக்குக் குறுக்கே நிற்கிறது. பின்னால் பஸ் ஹாரன், அதற்குப் பின்னால் ஆட்டோக்களின் கோரஸ். காது அடைத்துவிட்டது. அப்போது மனசில் ஒரே ஒரு குரல்தான் கேட்டது. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் குரல். "எதுனா ஆச்சுன்னா மொதல்ல வண்டிய ஓரங்கட்டு தம்பி. நடு ரோட்ல நின்னா இன்னொருத்தன் வந்து சாத்துவான்." நல்ல ரூல். தப்பே சொல்ல முடியாது. ஃபர்ஸ்ட் கியர் போட்டேன். க்ளட்சை விட ஆரம்பித்தேன்.

'டமால்' என்று பானெட்டில் ஒரு அடி.

டீ மாஸ்டர். கையில் டீ ஆற்றும் பித்தளைக் குவளை. அதாலேயே அடித்திருக்கிறார். பானெட் மேல் பால் வழிகிறது. "யோவ்! அசையாதே! ஆளு கீழ இருக்கான்யா!"

அசையவில்லை. கால் க்ளட்சிலேயே மரத்துப்போய்விட்டது. யாரோ ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்கள். இறங்கிப் பார்த்தேன். பெரியவரின் வேட்டி சக்கரத்தில் மாட்டியிருக்கிறது. வலது கால் சைக்கிளுக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவில். இன்னும் அரை அடி நகர்ந்திருந்தால், அந்தக் காலின் மேல்தான் வண்டி ஏறியிருக்கும். நாலு பேர் சேர்ந்து காரின் ஒரு முனையை அப்படியே தூக்கினார்கள். மாருதி 800-ஐ அந்தக் காலத்தில் எடை குறைவு என்று கிண்டல் செய்வார்கள். அன்றைக்கு அந்தக் கம்மி எடைக்கு நான் மனசுக்குள் கும்பிடு போட்டேன்.

கணுக்கால் எலும்பு விட்டிருந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அவர் ஒரு ஃபிளாட்டில் ராத்திரி வாட்ச்மேன். ஆறு வாரச் சம்பளமும் சைக்கிள் செலவும் என் பொறுப்பு. ஹார்லிக்ஸ் பாட்டிலுடன் போய்ப் பார்த்தேன். என்னைத் திட்டுவார் என்று தயாராகப் போனால், "குவளையால அடிச்சாரே, அவரு யாரு தம்பி?" என்று கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீ மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு பேரும் செய்யாறு பக்கம் என்று தெரிந்ததும் ஊர்க்கதை பேச ஆரம்பித்து நான் அங்கே இருப்பதையே மறந்துவிட்டார்கள்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. 2023 அக்டோபர் 2 ராத்திரி சான் ஃபிரான்சிஸ்கோவில், மார்க்கெட் தெருவும் ஐந்தாவது தெருவும் சந்திக்கிற இடத்தில் (அங்கேயும் மார்க்கெட்!) ஒரு பெண் ரோட்டைக் கடந்தார். மனிதர் ஓட்டிய கார் ஒன்று முதலில் அவரை மோதித் தூக்கி எறிந்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவர் போய் விழுந்த இடம், பக்கத்து லேனில் வந்த க்ரூஸ் கம்பெனியின் டிரைவரில்லாத டாக்ஸிக்கு முன்னால். டாக்ஸி ப்ரேக் போட்டது, ஆனாலும் மோதியது, நின்றது. இதுவரை அதைக் குறை சொல்ல முடியாது. நான் ஓட்டியிருந்தாலும் மோதியிருப்பேன்.

நின்ற பிறகு அது என்ன செய்தது தெரியுமா? பக்கவாட்டில் ஏதோ இடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டது. இடித்தால் நடு ரோட்டில் நிற்காதே, ஓரங்கட்டு என்று அதற்கும் யாரோ ஒரு மாஸ்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஓரங்கட்டியது. சுமார் 20 அடி தூரம், மணிக்கு 7 மைல் வேகத்தில். அந்தப் பெண் வண்டிக்கு அடியில் இருந்தார். பலத்த காயங்களோடு உயிர் பிழைத்தார்.

இந்தச் செய்தியை முதலில் படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதே ரூல். அதே நல்ல எண்ணம். எனக்கும் அந்த வண்டிக்கும் நடுவில் இருந்த ஒரே வித்தியாசம், ஒரு பித்தளைக் குவளை.

அந்த மாதம் 24-ம் தேதி கலிபோர்னியா அரசு க்ரூஸின் பர்மிட்டை நிறுத்தி வைத்தது. முழு வீடியோவையும் காட்டாமல் மழுப்பினார்கள் என்று வேறு புகார். நவம்பரில் 950 வண்டிகளையும் திரும்ப அழைத்துச் சாஃப்ட்வேரை மாற்றினார்கள். மாற்றத்தின் சாரம் என்ன தெரியுமா? இந்த மாதிரி மோதல் நடந்தால் நகராமல் அப்படியே நில். அதாவது எங்கள் டீ மாஸ்டரின் 'அசையாதே' 950 வண்டிகளுக்குள் எழுதப்பட்டது. தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ், 2024 டிசம்பரில் இந்த டாக்ஸி வேலைக்கே இனி காசு போடுவதில்லை என்று அறிவித்துவிட்டது.

சித்தி பையனிடம் திரும்பவும் போனில் பிடித்துக்கொண்டேன். "பானெட்டில் தட்டினா அதுக்குப் புரியுமாடா?"

"அதுக்கு மைக் எல்லாம் இருக்குண்ணா. சைரன் சத்தம் கேட்டா ஒதுங்கும்."

"சைரன் சரி. 'அசையாதே'ன்னு ஒருத்தர் கத்தினா?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் மௌனம். அந்த ஊர் தீயணைப்புக்காரர்கள் 2023 ஜனவரியில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு வீடு எரிகிறது. ரோட்டில் தண்ணீர்க் குழாய்கள் பாம்பு மாதிரி கிடக்கின்றன. க்ரூஸ் வண்டி ஒன்று குழாய் மேலேயே வருகிறது. நில் நில் என்று என்னென்னவோ செய்தும் நிற்கவில்லை. கடைசியில் முன் கண்ணாடியை உடைத்தார்கள். நின்றது! குவளைக்குப் பதில் வேறு ஆயுதம், அவ்வளவுதான்.

ஆம்புலன்ஸ் விஷயம் எனக்கு இன்னும் நெருக்கம். 2019-ல் அப்பாவுக்கு நெஞ்சு வலி. 108-ல் நானும் கூட உட்கார்ந்து போகிறேன். பல்லாவரம் பக்கம் சிகப்பு சிக்னல், நகர இடமில்லை. எங்களுக்கு நேர் முன்னால் ஒரு குட்டி யானை. அந்த டிரைவர் என்ன செய்தார் என்றால், ஸ்டாப் கோட்டைத் தாண்டி, குறுக்கே போகிற டிராபிக்குக்குள் பாதி வண்டியை நுழைத்து, ஜன்னல் வழியே கையை நீட்டி எல்லோரையும் நிறுத்திவிட்டார். அந்த இடைவெளியில் நாங்கள் போனோம். சட்டப்படி பார்த்தால் அவருக்கு அபராதம் போட வேண்டும். அங்கே நின்ற போலீஸ்காரர் 'போ போ' என்று அவருக்குக் கையாட்டியதைக் கண்ணாடி வழியே பார்த்தேன். அப்பாவின் நெஞ்சில் இப்போது ஒரு ஸ்டென்ட் பத்திரமாக இருக்கிறது.

கலிபோர்னியா சட்டம் என்ன சொல்கிறது என்றால், அவசர வண்டி வந்தால் ரோட்டின் வலது ஓரத்துக்குப் போய், சந்திப்பை அடைக்காமல் நில். அகலமான ரோடாக இருந்தால் பிரமாதம். ஓரமே இல்லாவிட்டால்? குட்டி யானைக்காரர் அந்த நிமிஷத்தில் எந்த ரூலை எவ்வளவு மீறலாம் என்று கண்ணாலேயே நாலு பேரிடம் சம்மதம் வாங்கினார். கம்ப்யூட்டருக்கு ரூலை மீறக் கற்றுக்கொடுக்கலாமா, கொடுத்தால் எங்கே நிறுத்துவது என்பது எனக்குப் பிடிபடாத விஷயம். ஆனால் பாட்டியா குழந்தையா என்பதைவிட இது தினம் தினம் நடக்கிற கேள்வி.

2025 டிசம்பர் 20-ம் தேதி அந்த ஊரில் பெரிய பவர் கட். சிக்னல்கள் அணைந்துபோயின. வேமோ வண்டிகள் பல அங்கங்கே நின்றுவிட்டன. விளக்கு எரியாத சிக்னலை எப்படிக் கடப்பது என்று அவற்றுக்குத் தெரியும். ஆனால் 'போகலாமா?' என்று தூரத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளப் பார்த்திருக்கின்றன. எல்லா வண்டியும் ஒரே சமயத்தில் கேட்டால்? வாரியத்தில் 31 வருஷம் இருந்த அப்பாவிடம் சொன்னேன். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "அமெரிக்காவுலயும் கரண்ட் போகுதா?" என்றார். காரை மறந்துவிட்டார்.

நான் ஒரு யோசனை வைத்திருந்தேன். வண்டிக்கு வெளியே பெரிதாக ஒரு சிகப்பு பட்டன். யார் வேண்டுமானாலும் அமுக்கலாம். அமுக்கினால் வண்டி அசையாது. சித்தி பையன் ஒரே வாக்கியத்தில் அதைக் கவிழ்த்தான். "அண்ணா, 2024-ல இதே ஊர்ல ராத்திரி தனியா போற பொண்ணுங்க வண்டி முன்னாடி சும்மா போய் நின்னே ஆம்பளைங்க தொல்லை குடுத்தாங்க. ஆள் நின்னா வண்டி நகராது. நீங்க பட்டன் வேற குடுத்தா?"

வாயை மூடிக்கொண்டேன். யார் கத்தினாலும் கேட்கிற வண்டியும் ஆபத்து, யார் கத்தினாலும் கேட்காத வண்டியும் ஆபத்து. கத்துகிறவன் டீ மாஸ்டரா, பொறுக்கியா என்று ஒரு பார்வையில் தெரிந்துகொள்வது நமக்கு மட்டும் எப்படியோ வருகிறது.

அதனால் இப்போது என் ஆசை சின்னது. மோதினால் நில். அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு மனிதர் பார்த்துச் சொல்லும்வரை ஒரு அங்குலம் நகராதே. பின்னால் எத்தனை பஸ் ஹாரன் அடித்தாலும் சரி. தூரத்தில் இருக்கும் அந்த மனிதருக்குத் தெருவின் சத்தம் கேட்க வேண்டும், தெருவுக்கு அவர் குரல் கேட்க வேண்டும். கலிபோர்னியாவில் 2024-ல் போட்ட சட்டம் கிட்டத்தட்ட இந்தப் பாதையில்தான் போகிறது. தீயணைப்பு, போலீஸ்காரர்கள் கூப்பிட ஒரு தனிப் போன், வண்டியிலேயே இருபக்கமும் பேசும் கருவி, 'இந்த இடத்தைக் காலி செய்' என்று தகவல் போனால் 2 நிமிஷத்துக்குள் வண்டிகளுக்குக் கட்டளை. 2026 ஜூலை 1 முதல் அமல் என்று தேதி குறித்தார்கள். சர்க்கார் விஷயத்தில் சொல்லிக்கொள்கிற மாதிரியான வேகம்தான்.

நம் ஊரில் இந்தக் கவலை இப்போதைக்கு இல்லை. டிரைவர்களின் பிழைப்பு போய்விடும் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017-லும் 2023-லும் கதவைச் சாத்தினார். ஆனால் ஒரு சுவாரஸ்யம். நம்முடைய 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், 134-வது பிரிவு. விபத்தில் அடிபட்டவருக்கு வைத்திய உதவி கிடைக்க வண்டி ஓட்டியவர்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். கும்பலின் கோபத்தால் முடியாமல் போனால் விலக்கு! சட்டம் எழுதினவர் நம் ரோட்டில் நடமாடியவர் என்று நினைக்கிறேன். அன்றைக்கு என்னையும் ஒருத்தர் கன்னத்தில் ஒன்று வைத்தார். பெரியவருக்கு அவர் உறவும் இல்லை, சிநேகமும் இல்லை. வந்தார், வைத்தார், போய்விட்டார். அப்புறம் நான்தான் பெரியவரை ஆட்டோவில் ஏற்றி, மடியில் அவர் காலை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அந்த மாருதியை 2021-ல் விற்றேன். வாங்க வந்தவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். டயரை உதைத்தார். கடைசியில் பானெட்டின் வலது மூலையில், குவளை வாய் அளவுக்கு இருந்த பள்ளத்தில் விரலை வைத்தார்.

"இது என்ன ஸார்? ஏழு வருஷமாத் தட்டி எடுக்காமலா வச்சிருந்தீங்க? இதுக்கு ஒரு ரெண்டாயிரம் குறைச்சுக்கணும்."

கத்திரிக்காய்க்கு எட்டணா பேரம் பேசுகிற பரம்பரை என்னுடையது. அம்மா ஜன்னலிலிருந்து விட்டுக் கொடுக்காதே என்று ஜாடை காட்டினாள்.

"குறைச்சுக்குங்க" என்றேன்.